வெறுங்கால் ஒரு பெருமையா?

எங்க தோட்டத்துப் பக்கம் மரதன் ஓடச் சப்பாத்து கேட்டால், "அபேபே பிகிலா வெறுங்காலோடதானே ஜெயிச்சார்?" என்பார்கள். அந்தக் கதையை முழுசாப் பார்ப்போம். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் அவர் வெறுங்காலோடு ஓடியதற்குக் காரணம், கிடைத்த சப்பாத்து காலுக்குப் பொருந்தாததுதான். 1964இல் டோக்கியோவில் சப்பாத்தோடு ஓடி, அதே 42.195 கிலோமீற்றரை மூன்று நிமிடம் முன்னதாகவே முடித்தார்.

எங்க பாட்டன் பூட்டன்மார் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்ததும் வெறுங்காலோடதான். அது விரும்பி எடுத்த முடிவில்ல, வறுமை.

ஆகவே சப்பாத்து கேட்க நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை. ஹட்டன் இறக்கத்தில் பெருவிரல் முன்னால் இடித்து நகம் கறுக்கும். அதனால் கால் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போட்டுப் பார்த்து, நுனியில் ஒரு விரலளவு இடம் விட்டு வாங்குவோம். பயிற்சியில் பழகியதையே போட்டியன்றும் போடுவோம்.

கொழுந்து மலையில் நாளெல்லாம் நிற்கும் அம்மாமாரின் கால்களுக்கு யார் சப்பாத்துக் கேட்பது?