உட்புற வான்வழிகளும் புதிய விமானிகளின் வாழ்வும்: மலேசிய அனுபவம் குறித்த ஓர் ஆய்வு

சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்தில் இருக்கும் பாரியோவுக்கு நோயாளியும் ஆசிரியரும் அஞ்சல் பையும் 19 இருக்கைகள் கொண்ட ட்வின் ஓட்டர் விமானத்தில்தான் நெடுங்காலமாகப் போய் வருகின்றனர். பா கெலாலான், லோங் லெலாங், லோங் பாங்கா போன்ற ஊர்களின் நிலையும் இதுவே. இச்சேவையின் பயணச்சீட்டு விலையையும் மானியத்தையும் பற்றிக் கோலாலம்பூரில் பலமுறை விவாதித்திருக்கிறோம். அந்த விமானத்தை ஓட்டும் இளைஞரின் ஊதியத்தையும் எதிர்காலத்தையும் அதே அக்கறையோடு பார்த்ததில்லை. தொலைவூர்ச் சேவை அடிக்கடி தடுமாறுவதற்கு இந்தப் பாராமுகமும் ஒரு முக்கியக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம். விமானியை உருவாக்கும் செலவு பொது நிறுவனத்திடமிருந்து குடும்பத்தின் தலைக்கு மாறியது. அதே காலத்தில் தொலைவூர்ப் பணியும் பெருநிறுவனப் பணியிலிருந்து பிரிக்கப்பட்டது. இவ்விரு மாற்றங்களும் ஒன்றுசேர்ந்ததால் உட்புற வான்வழி, இளைஞர் நிலைத்து நிற்க இயலாத இடமாயிற்று.

தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. 1937இல் பதிவு பெற்ற மலாயன் ஏர்வேஸ், போருக்குப் பின் 1947இல்தான் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் ஈப்போவையும் பினாங்கையும் இணைத்துப் பறக்கத் தொடங்கியது. கடலுக்கு அப்பால் 1953இல் சபா ஏர்வேஸ் தோன்றி, 1957இல் போர்னியோ ஏர்வேஸ் ஆயிற்று. குறுகிய ஓடுதளங்களில் இறங்கக்கூடிய ட்வின் பயனியர் போன்ற சிறுவிமானங்களே அதன் பலம். 1965இல் போர்னியோ ஏர்வேஸ், மலாயன் ஏர்வேஸின் புதுப்பெயரான மலேசியன் ஏர்வேஸுடன் இணைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுபாங் விமான நிலையமும் திறக்கப்பட, கிள்ளான் பள்ளத்தாக்கு நாட்டின் வான்போக்குவரத்துக்கு மையமாயிற்று. அதன் வழிவந்த மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 1972இல் பிரிந்தபின், சுபாங்கிலிருந்து லண்டன் சென்ற நிறுவனமும் மூலுவுக்கும் மருடிக்கும் சென்ற நிறுவனமும் ஒன்றாகவே இருந்தன. சிறுவிமானத்தில் தொடங்கும் துணை விமானிக்கு ஃபோக்கரும் போயிங்கும் அதே கூரைக்குக் கீழிருந்த அடுத்த படிகள். தொடக்க ஊதியம் குறைவென்றாலும், ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு கண்ணெதிரே தெரிந்தது.

பயிற்சிச் செலவும் அக்காலத்தில் பெரும்பாலும் நிறுவனத்தினுடையது. பயிற்சி விமானியைத் தேர்ந்தெடுத்துக் கற்பித்து, பதிலுக்குச் சில ஆண்டுப் பணி ஒப்பந்தத்தால் பிணைத்துக்கொள்வதே வழக்கம். 1987இல் மலாக்காவில் மலேசியன் ஃப்ளையிங் அகாடமி எழுந்தது. பின்னர் லங்காவியிலும் கோத்தா பாருவிலும் பயிற்சிக் கழகங்கள் வந்தன. 2001இன் இறுதியில் ஏர்ஏசியா புது உரிமையாளர் கைக்கு மாறி மலிவுப் பயணம் பெருகியபோது, விமானிக்கான தேவையும் சொந்தப் பணத்தில் பயில்வோர் தொகையும் சேர்ந்தே உயர்ந்தன. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வாழும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரும் சுமை. வணிக விமானி உரிமம் பெற லட்சக்கணக்கான ரிங்கிட் வேண்டும். அதன்பின் குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதிப் பயிற்சிக்கும் தனியே செலவாகும். கையில் உரிமம் இருந்தாலும் சுமார் 200 மணிநேரப் பறப்பனுபவமே இருக்கும். விமானத் தலைவராக உயர்வதற்கான போக்குவரத்து உரிமத்துக்கோ 1,500 மணிநேரம் தேவை. இந்த இடைவெளியைக் கடனோடு கடக்கும் இளைஞர், ஊதியம் கூடிய இடத்தை நாடுவது பேராசை ஆகாது. கடன் தவணை அவரை அங்கே தள்ளுகிறது.

இந்நிலையில்தான் உட்புறச் சேவை கைமாறத் தொடங்கியது. 2006 ஆகஸ்டில் சபா, சரவாக் கிராமப்புற வழித்தடங்கள் ஃப்ளை ஏசியன் எக்ஸ்பிரஸிடம் ஒப்படைக்கப்பட்டன. ஓராண்டு சற்றே கடந்தவுடன், 2007 அக்டோபரில், மலேசியா ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான மாஸ்விங்ஸ் அவற்றை ஏற்றது. கிராமத்தைக் கைவிட்ட ஃப்ளை ஏசியன் எக்ஸ்பிரஸ், ஏர்ஏசியா எக்ஸ் எனப் பெயர் மாறி நெடுந்தூரப் பறப்புக்குச் சென்றது. முதலீடு எத்திசையில் ஈர்க்கப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விமானியும் அதே திசையில்தான் ஈர்க்கப்படுகிறார். தனித் துணை நிறுவனம் என்றானபின் பழைய படிக்கட்டு தானாகக் கிடைப்பதாக இல்லை. மேலும், ட்வின் ஓட்டரின் உச்ச எடை சுமார் 5,670 கிலோ. மலைக்கணவாய் வழியே கண்பார்வையை நம்பி அதை ஓட்டும் திறன் அரிது என்றாலும், ஜெட் விமானங்களுக்கு ஆளெடுப்போர் பெரிய விமானத்தில் பறந்த மணிநேரத்துக்கே கூடுதல் மதிப்புத் தருகின்றனர். கடினமான வேலைக்குச் சந்தையில் மதிப்புக் குறைந்த அனுபவமே கூலியாகிறது.

ஊதியத்தைச் சந்தை தீர்மானிக்கட்டும், மக்கள் வரிப்பணம் விமானியின் சம்பளத்துக்கு ஏன் போகவேண்டும் என்று சிலர் கேட்பர். சந்தை தீர்மானித்தால் பாரியோவுக்கு விமானமே இராது. அதனால்தான் கூட்டரசு மானியம் தருகிறது. எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் மானியம் பொருந்தும், ஓட்டுபவருக்குப் பொருந்தாது என்பதில் நியாயமில்லை. அமெரிக்க அனுபவம் இங்கே உதவும். 2009இல் கோல்கன் ஏர் விமானம் பஃபலோ அருகே விழுந்து நொறுங்கியபின் நடந்த விசாரணையில், சிறு விமான நிறுவனத் துணை விமானிகளின் மிகக் குறைந்த ஊதியம் நாடறிய வெளிப்பட்டது. பின்னர் துணை விமானிக்கும் 1,500 மணிநேரப் பறப்பனுபவம் வேண்டும் என்ற விதி வந்தது. 2022இல் ஸ்கைவெஸ்ட் நிறுவனம், விமானிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, அரசு மானியம் பெற்ற 29 சிற்றூர்ச் சேவைகளைக் கைவிடுவதாக அறிவித்தது. மானியம் மட்டும் இருந்தால் போதாது, ஓட்ட ஆளும் வேண்டும் என்பதே அதன் பாடம்.

அனுபவமற்றவரை ஆபத்தான ஓடுதளத்துக்கு அனுப்பலாமா என்ற மறுப்பு இன்னும் கனமானது. புதியவர் தனியே பறப்பதில்லை. தேர்ந்த கேப்டனின் அருகே துணை விமானியாக அமர்கிறார். ஆபத்து உண்மையில் வேறிடத்தில் உள்ளது. துணை விமானிகள் ஓரிரு ஆண்டில் விலகிக்கொண்டே இருந்தால், அவர்களிலிருந்து உருவாகவேண்டிய அடுத்த தலைமுறைக் கேப்டன்கள் உருவாகமாட்டார்கள். எந்தக் கணவாயில் எந்த நேரத்தில் மேகம் மூடும் என்ற அறிவு நூலிலிருந்து வருவதன்று. தொடர்ந்து பறப்பதால் கைமாறி வருவது. ஆகவே விமானியைத் தக்கவைப்பது பாதுகாப்புக்கும் வழி.

சாலை வந்துவிட்டால் விமானம் எதற்கு என்பாரும் உளர். பாரியோவுக்கு மரம் வெட்டும் பாதைகள் வழியே வண்டி போகிறது என்பது உண்மை. மழைக்காலத்தில் பிரசவ வலியோடு இருக்கும் பெண்ணுக்கு அப்பாதை விடையாகாது.

மாஸ்விங்ஸை வாங்கும் ஒப்பந்தத்தில் சரவாக் அரசு 2025 பிப்ரவரியில் கையெழுத்திட்டு, ஏர்போர்னியோ என்ற மாநில விமான நிறுவனத்துக்கு வழி வகுத்தது. கைமாறும் வேளையே விதிகளைத் திருத்தத் தக்க வேளை. உட்புறச் சேவை மானியத்தில் விமானியின் ஊதியத்துக்கும் தகுதிப் பயிற்சிக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும். அங்கே ஐந்தாண்டு பணியாற்றுவோரின் கல்விக்கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவேண்டும். அவர்கள் ஏடிஆர் போன்ற பெரிய விமானங்களுக்கு உயரும் முறை எழுத்தில் உறுதி செய்யப்படவேண்டும். மருத்துவரையும் ஆசிரியரையும் தொலைவூருக்கு அனுப்பும்போது தனிப்படி கொடுப்பதை முறையென ஏற்ற நாடு நாம். அவர்களை அங்கே கொண்டுசேர்க்கும் விமானிக்கும் அம்முறை உரியது.