பெசோவின் வீழ்ச்சியும் இழப்பின் பங்கீடும்: அர்ஜென்டினா, 2002

ஒரு நாட்டின் நாணய மதிப்பு இறங்கினால் அதன் சரக்கு உலகச் சந்தையில் மலிவாகும், ஏற்றுமதி பெருகும், வெளிநாட்டுச் சரக்கு விலையேறி, உள்ளூர்த் தொழில் தழைக்கும். பொருளியல் பாடநூல்கள் இவ்வாறுதான் கற்பிக்கின்றன. 2002 இல் அர்ஜென்டினாவின் பெசோ மதிப்பிறங்கியபோது அந்நாட்டின் வணிக உபரி ஏறத்தாழ 600 கோடி டாலரிலிருந்து 1,600 கோடிக்கு மேல் தாவியது. பாடநூல் பலித்ததாகவே தோன்றும். ஆனால் அவ்வாண்டு ஏற்றுமதி வருவாய் முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. உபரியின் உயர்வு முழுவதும் இறக்குமதி 2,000 கோடி டாலரிலிருந்து 900 கோடிக்கு விழுந்ததால் வந்தது. நாடு கூடுதலாக விற்கவில்லை. வாங்கும் சக்தியை இழந்திருந்தது.

மதிப்பிறக்கத்தை வெறும் விலைத் திருத்தமாகப் பார்க்கும் ஆய்வு பாதி உண்மையையே காணும் என்பது இக்கட்டுரையின் வாதம். அது ஏற்கனவே நேர்ந்துவிட்ட ஓர் இழப்பை யார் கணக்கில் எழுதுவது என்ற முடிவும் ஆகும். (2016 க்குப் பின் ‘பணமதிப்பிழப்பு’ என்ற சொல் தமிழ் இதழ்களில் நோட்டுகளைச் செல்லாதவையாக்கும் நடவடிக்கையைக் குறிக்கலாயிற்று. ஆகவே, பிற நாணயங்களுக்கு எதிராக மதிப்புக் குறைவதை இங்கு ‘மதிப்பிறக்கம்’ என்றே எழுதுகிறேன்.)

இந்த வாதத்தின் வேர் அர்ஜென்டினாவிலேயே இருக்கிறது. அதிபர் ஃப்ரொந்திசியின் ஆட்சியில் நடந்த மதிப்பிறக்கத்துக்குப் பின் 1959 இல் விலைவாசி இரு மடங்குக்கு மேல் ஏறியது, உற்பத்தியோ சுருங்கியது. கியூபாவில் பிறந்த பொருளியலாளர் கார்லோஸ் டியாஸ் அலெகாந்த்ரோ 1960களில் இதை ஆராய்ந்தார். அர்ஜென்டினா ஏற்றுமதி செய்தவை மாட்டிறைச்சியும் கோதுமையும். தொழிலாளி வீட்டு உணவும் அவையே. பெசோ இறங்கியதும் வெளிநாட்டு விலையை ஒட்டி உள்ளூர் விலையும் ஏறியது. கூலி உடனே ஏறவில்லை. பம்பாஸ் சமவெளியின் நிலவுடைமையாளர் கைக்கு வருமானம் மாறியது. அவர்கள் அதில் பெரும்பகுதியைச் சேமித்தனர். தொழிலாளி வாங்காமல் விட்ட சரக்கு கடையில் தேங்கியது. மதிப்பிறக்கம் உற்பத்தியைச் சுருக்கவும் கூடும் என்ற கருத்துக்கு 1978 இல் பொருளியலாளர்கள் பால் க்ரூக்மனும் லான்ஸ் டெய்லரும் முறையான வடிவம் கொடுத்தனர்.

2002 இல் ஏற்றுமதிக்கும் தொழிலாளி உணவுக்கும் இடையிலான இந்தப் பழைய பகையோடு புதிய ஒன்றும் சேர்ந்தது: டாலரில் எழுதப்பட்ட கடன். 1989 இல் பணவீக்கம் ஆண்டுக்கு 3,000 விழுக்காட்டைத் தாண்டியது. அதைக் கண்ட நாடு நிலையான நாணயத்துக்கு எந்த விலையும் கொடுக்க ஆயத்தமாயிருந்தது. 1991 ஏப்ரலில் அதிபர் கார்லோஸ் மெனெமும் பொருளாதார அமைச்சர் டொமிங்கோ கவாலோவும் நாணயத்தைச் சட்டத்தாலேயே டாலரோடு பிணைத்தனர். அடுத்த ஜனவரியிலிருந்து ஒரு பெசோ ஒரு டாலர். சில ஆண்டுகளில் பணவீக்கம் ஏறக்குறைய மறைந்தது. அதைச் சிறிய சாதனையென்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்பதைச் சட்டமே உறுதி செய்தபின், வீட்டுக் கடனையோ வைப்புத்தொகையையோ டாலரில் எழுதுவதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. கடன் வாங்கியவர் சம்பளம் பெற்றது பெசோவில். ஆயிரம் பெசோ மாதச் சம்பளமும் முப்பதாயிரம் டாலர் கடனும் உள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் கடன் முப்பது மாதச் சம்பளத்துக்குச் சமம். டாலர் மூன்றரை பெசோ ஆனால் அது நூற்றைந்து மாதச் சம்பளம். பிணைப்பை அவிழ்ப்பது நாளுக்கு நாள் கடினமானதற்குக் காரணம் இதுதான்.

1998 ஆகஸ்டில் ருஷ்யா கடன் தவணையில் தவறியது. 1999 ஜனவரியில் பிரேசில் தன் ரியாலை மிதக்க விட்டது. அர்ஜென்டினாவின் மிகப் பெரிய வாடிக்கையாளரான அந்நாட்டில் அர்ஜென்டினச் சரக்கு ஒரே மாதத்தில் விலை கூடிப்போனது. டாலரும் அப்போது வலுப்பெற்றிருந்தது. நாணயத்தை இறக்க முடியாத நாடு கூலியையும் விலையையும் இறக்க வேண்டியிருந்தது; அது மந்தமாக, வேலையிழப்பின் வழியே நடந்தது. 2002 இன் துயரம் அனைத்தையும் மதிப்பிறக்கத்தின் மேல் ஏற்றுவோர் மறக்கும் செய்தி இது: பெசோ இறங்கும் முன்பே பொருளாதாரம் மூன்றரை ஆண்டுகளாகச் சுருங்கி வந்தது.

வங்கிகளிலிருந்து பணம் வெளியேறுவதைத் தடுக்க, 2001 டிசம்பர் 1 ஆம் நாள் அரசு வங்கிக் கணக்குகளை முடக்கியது. வாரத்துக்கு 250 பெசோ மட்டுமே ரொக்கமாக எடுக்கலாம். மக்கள் இதற்கு ‘கொரலீத்தோ’ என்று பெயர் வைத்தார்கள். தவழும் குழந்தையை விட்டுவைக்கும் சிறு அடைப்பு என்று பொருள். அதே வாரத்தில் பன்னாட்டு நாணய நிதியம் தன் கடனின் அடுத்த தவணையைத் தர மறுத்தது. 19, 20 தேதிகளில் தட்டும் கரண்டியுமாகத் தெருவுக்கு வந்த கூட்டம் அதிபர் டெ லா ருவாவைப் பதவி விலகச் செய்தது. உயிர்கள் பலியாயின. அடுத்து வந்த இடைக்கால அதிபர் வெளிக்கடனைத் திருப்பித் தரப்போவதில்லை என அறிவித்து ஒரே வாரத்தில் விலகினார். ஜனவரியில் பொறுப்பேற்ற எதுவார்தோ துஆல்தே, வங்கியில் டாலரில் போட்டவருக்கு டாலரே கிடைக்கும் என்று வாக்களித்தார்.

அந்த வாக்கு ஐந்து வாரங்கூட நிலைக்கவில்லை. இந்த இடத்தில்தான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜனவரி 6 அவசரச் சட்டம் டாலர் பிணைப்பை அவிழ்த்து, டாலர் கடனை ஒன்றுக்கு ஒன்று பெசோவாக மாற்றியது. ஆனால் ஒரு லட்சம் டாலர் வரையிலான கடனுக்கு மட்டும். சிறு கடனாளியைக் காக்கும் வரம்பு அது, நியாயமானது. பிப்ரவரி 3 ஆணை அந்த வரம்பை நீக்கியது. எத்தனை கோடி டாலர் கடனானாலும் ஒரு டாலருக்கு ஒரு பெசோ கொடுத்தால் போதும் என்றாயிற்று. வைப்புத்தொகைக்கோ டாலருக்கு 1.40 பெசோ, விலைக் குறியீட்டுச் சேர்க்கையோடு. ஜூனில் சந்தையில் டாலர் நான்கு பெசோவை நெருங்கியது. வங்கிகளின் சொத்தும் பொறுப்பும் பொருந்தாமல் விழுந்த பள்ளத்தை அரசு கடன் பத்திரங்களால் நிரப்பியது. அதாவது வரி செலுத்துவோர் நிரப்பினர். வெளிநாட்டில் டாலர் வைத்திருந்த பெரிய நிறுவனத்துக்கு இந்த ஆணை கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தது. ஓய்வூதியச் சேமிப்பை உள்ளூர் வங்கியில் நம்பிப் போட்டவரின் பணம் கரைந்தது. நெருக்கடி தேவைப்படுத்திய முடிவு என்று முதல் வரம்பை ஏற்கலாம். வரம்பை நீக்கியதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. அது வலியவருக்குக் கொடுத்த சலுகை.

2002 இல் உற்பத்தி 10.9 விழுக்காடு சரிந்தது. மே மாதத்தில் வேலையின்மை 21.5 விழுக்காடு. அக்டோபரில் 57.5 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தனர். புவெனஸ் ஐரிஸ் தெருக்களில் இரவில் அட்டை பொறுக்கிய ‘கர்தொனேரோ’க்கள், பண்டமாற்றுக் கூடங்கள், மாகாண அரசுகள் அச்சிட்ட பதிலிப் பணம் ஆகியவை அந்த எண்களின் கண்கண்ட வடிவங்கள்.

பின் மீட்சி வந்தது, பலரும் எதிர்பார்த்ததைவிட விரைவாக. 2002 நடுப்பகுதிக்குள் சரிவு நின்றது. 2003 முதல் 2007 வரை உற்பத்தி ஆண்டுக்கு எட்டு, ஒன்பது விழுக்காடு வளர்ந்தது. மலிவான பெசோ இதற்கு உதவியது உண்மை. இறக்குமதி நின்ற இடத்தில் நெசவாலைகளும் உலோகப் பட்டறைகளும், ஏற்கனவே சும்மா கிடந்த எந்திரங்களைக் கொண்டே, மீண்டும் ஓடின. எனினும் டாலர் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறிய ஆண்டில் நுகர்வோர் விலை ஏறத்தாழ 41 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது ஏன் என்று கேட்க வேண்டும். வேலையற்றோர் பெருகியதால் கூலி உயர்வு கேட்க எவருக்கும் வலுவில்லை. மின்சாரம், எரிவாயு, தண்ணீர்க் கட்டணங்களை அரசு பெசோவில் உறைய வைத்தது. அதற்காக அச்சேவைகளை நடத்திய வெளிநாட்டு நிறுவனங்கள் பன்னாட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தன. வெளிக்கடனுக்கு வட்டி செல்லவில்லை. இவையின்றி, மலிவு பெசோவின் பயனை விலையேற்றமே தின்று தீர்த்திருக்கும்.

இவற்றோடு ஏற்றுமதி வரியும் சேர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் சோயாவின் மீது வரி 23.5 விழுக்காடு ஆனது. இதை வெறும் வருவாய் வழியாகப் பார்ப்பவர்கள் டியாஸ் அலெகாந்த்ரோவை மறந்தவர்கள். வரி, வெளிநாட்டு விலைக்கும் உள்ளூர் விலைக்கும் நடுவே தடுப்பாக நின்றது. நிலவுடைமையாளர் பெற்ற திடீர் ஆதாயத்தில் ஒரு பங்கை அரசுக்குத் திருப்பியது. வேலையற்ற குடும்பத் தலைவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேருக்கு மாதம் 150 பெசோ தந்த திட்டத்துக்கு இத்தகைய வருவாய் இன்றியமையாதது. 1959 க்கும் 2002 க்கும் இடையே இன்னொரு வேறுபாடும் உண்டு, போதிய கவனம் பெறாதது. சோயாவை அர்ஜென்டின மக்கள் ஏறக்குறைய உண்பதே இல்லை. முதன்மை ஏற்றுமதிப் பொருள் உணவுத் தட்டிலிருந்து விலகியதால் பழைய பகை சற்றே தணிந்தது. கோதுமையும் இறைச்சியும் ஏற்றுமதியில் இருந்தவரை அது முற்றும் தீரவில்லை. உணவு விலை பொது விலையைவிட வேகமாகவே ஏறியது.

ஆகவே மீட்சிக்கு மதிப்பிறக்கத்தைத் தனியாகப் புகழ்வதும் வீழ்ச்சிக்கு அதைத் தனியாகப் பழிப்பதும் ஒரே பிழை. ஒரே நாணயச் சரிவை வேறு வகையில் பங்கிட்டிருக்கலாம். ஒரு லட்சம் டாலர் வரம்பைக் காத்திருந்தால் அரசின் சுமை குறைந்திருக்கும். ஏற்றுமதி வரி ஜனவரியிலேயே வந்திருந்தால் ரொட்டி விலை அத்தனை ஏறியிருக்காது. நாணய மாற்று விகிதத்தை மட்டும் அளக்கும் ஆய்வுகள் இந்தத் தேர்வுகளைக் காண்பதில்லை.

வைப்பாளர்கள் தொடுத்த வழக்குகளில் 2006 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1.40 பெசோவோடு குறியீட்டுச் சேர்க்கையும் ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியும் கிடைத்தன. கூட்டினால் டாலருக்கு மூன்று பெசோவுக்குச் சற்று மேல், அன்றைய சந்தை மதிப்புக்குக் கிட்டத்தட்ட சமம். ஐந்து ஆண்டுகள் காத்திருக்க முடிந்தவருக்குப் பணம் திரும்பியது. 2002 இல் கூலியின் வாங்கும் சக்தியை இழந்தவர்களுக்கு அந்த இழப்பைத் திருப்பித் தர எந்தத் தீர்ப்பும் வரவில்லை.