நாய்க்குக் குரைக்கக் கற்றுக்கொடுத்தது யார்?

எங்க கரிசல்காட்டுப் பக்கம் "நாய் ரொம்பக் குரைக்குது" என்று யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குது, ஒரு சத்தம் கொடுக்க மாட்டேங்குது" என்றுதான் வைவார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ஊருக்கு வந்தால் கதை நேர்மாறாக இருக்கிறது. நாய் ஓயாமல் குரைக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார், குடியிருப்புச் சங்கத்தில் இருந்து கடுதாசி வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். ஒரே பிராணி, ஒரே சத்தம். இங்கே அது வேலை, அங்கே அது குற்றம். இது எப்படி ஆச்சு என்று தெரிந்தால்தான் எப்படிச் சமாளிப்பது என்பதும் பிடிபடும். அதனால் கொஞ்சம் பழைய கதையில் இருந்து வருகிறேன்.

நாய் ஓநாயில் இருந்து வந்தது. ஜெர்மனியில் பான் நகரத்துப் பக்கம் ஓபர்காசல் என்ற இடத்தில், மனுசர்களோடு சேர்த்துப் புதைத்த நாயின் எலும்பு கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 14,000 வருசம் பழசு. விவசாயமே அதற்குப் பிறகுதான் வந்தது. ஆடு, மாடு, கோழி எல்லாவற்றுக்கும் முன்னால் நம்மிடம் வந்து சேர்ந்தது நாய்தான்.

வளர்ந்த ஓநாய் ஊளையிடும், உறுமும். குரைப்பது ரொம்ப அபூர்வம். நாய்தான் எதற்கெடுத்தாலும் குரைக்கிறது. அப்படியானால் இந்தக் குணம் நம்மோடு வாழ ஆரம்பித்த பிறகு வளர்ந்தது என்றுதான் அர்த்தம். ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் என்ற ஊரில் பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி 1959இல் ஒரு வேலையை ஆரம்பித்தார். ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்த்த நரிகளில், ஆளைக் கண்டு மிரளாத குட்டிகளை மட்டும் பொறுக்கி இனம் சேர்த்தார்கள். கொஞ்சத் தலைமுறைகளிலேயே அந்த நரிகள் ஆளைப் பார்த்தால் வாலாட்டின, முனகிக் கூப்பிட்டன, சிலதுக்குக் காது தொங்கியது. பொறுக்கியது குணத்தை மட்டும்தான். சத்தமும் உருவமும் கூடவே மாறிவிட்டது.

விவசாயிக்கு இது ஆச்சரியமில்லை. நல்ல கதிரில் விதை எடுத்து எடுத்துத்தான் கம்பும் சோளமும் இந்த உருவத்துக்கு வந்தது. நாயிலும் அதையே செய்தோம். ராத்திரி ஆள் அரவம் கேட்டதும் சத்தம் கொடுக்கிற நாய் எதுவோ, அதன் குட்டிக்குக் கிராக்கி. சும்மா படுத்திருந்த நாயின் குட்டியை யாரும் கேட்கவில்லை. குரைப்பு என்பது நாம் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த விதை.

அந்தக் காலத்து ரோமாபுரியில் ஒரு கதை சொல்வார்கள். கி.மு. 390 வாக்கில் எதிரிகள் இருட்டில் மலைக்கோட்டை ஏறி வந்தபோது நாய்கள் குரைக்கவில்லையாம். வாத்துகள் கத்தித்தான் காவல்காரர்கள் முழித்தார்களாம். அதற்காக வருசா வருசம் வாத்துகளுக்கு மரியாதை செய்து, நாய்களைக் கொன்று ஊர்வலம் கொண்டுபோனார்கள். அன்றைக்குக் குரைக்காத நாய்க்குத் தண்டனை. இன்றைக்குக் குரைக்கிற நாய்க்குத் தண்டனை.

நம்ம ஊர்க் கதை இதைவிட நல்ல கதை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டின் முதல் பாதி. எருமைகளைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அந்தக் கல்லில் வீரன் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பேர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். 1400 வருசத்துக்கு முன்னால் ஒரு நாயின் பேரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், காவல் நாயை நம்ம ஆட்கள் எந்த இடத்தில் வைத்திருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காவல் எப்படி நடந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஒரு ராத்திரி ஆட்டுக் கிடையில் படுக்க வேண்டும். அறுவடை முடிந்த புஞ்சையில் உரத்துக்காகக் கிடை போடுவார்கள். நூற்றுக்கணக்கான ஆடு அடைந்து கிடக்கும். கீதாரி கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். நாய்கள் பகலெல்லாம் நிழலில் தூங்கிவிட்டு, இருட்டினதும் ஆளுக்கொரு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். நரி வந்தால் ஒரு மாதிரிக் குரைக்கும். ஆள் வந்தால் வேற மாதிரி. பாம்பைப் பார்த்தால் முன்னே போய்ப் பின்னே வந்து, விட்டுவிட்டுக் குரைக்கும். கீதாரி கண்ணைத் திறக்காமலே "நரிதான்" என்பார்.

படித்தவர்கள் இதை இப்போது சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஹங்கேரியில் மூடி என்ற ஆட்டு நாயின் குரைப்புகளைப் பதிவு செய்து, ஜனங்களிடம் போட்டுக் காட்டினார்கள். 2005இல் அந்த ஆய்வு வெளியானது. நாயே வளர்க்காதவர்கள்கூட இது அந்நியருக்குக் குரைப்பது, இது தனியாக விட்டதற்குக் குரைப்பது என்று ஓரளவுக்குச் சரியாகப் பிரித்துச் சொன்னார்கள். அந்நியரைக் கண்டால் கனத்த குரலில் படபடவென்று குரைக்கும். தனிமையில் குரல் மெல்லிசாக, இடைவெளி விட்டு வரும்.

கிடையில் நான் கவனித்த இன்னொரு விசயம் ரொம்ப முக்கியம். நாய் குரைத்ததும் கீதாரி "யார்ரா அங்க?" என்று ஒரு குரல் கொடுப்பார், இல்லை எழுந்து டார்ச் அடிப்பார். "சரி, போதும் வா" என்பார். நாய் உடனே அடங்கிவிடும். அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, எசமான் கேட்டுக்கொண்டான், வேலை முடிந்தது. பதில் வராவிட்டால்தான் அது விடாமல் குரைக்கும்.

இப்போது நகரத்துக்கு வருவோம். என் அக்கா மகன் சென்னையில் இரண்டாவது மாடியில் ராஜபாளையம் நாய் வளர்க்கிறான். 2005இல் தபால் துறை நாலு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டதே, அதில் ஒன்று இந்த ராஜபாளையம். வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. அதைக் கொண்டுபோய் நாலு சுவருக்குள் விட்டால்? லிப்ட் திறந்தால் குரைக்கிறது, சாப்பாடு கொண்டுவருகிற பையனைப் பார்த்துக் குரைக்கிறது, கீழே பைக் நின்றால் குரைக்கிறது. நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் கீச்சான சத்தம்கூட நாய்க் காதுக்குக் கேட்கும். கிடையில் ராத்திரிக்கு ரெண்டு தடவை வேலை. அங்கே நாளைக்கு இருநூறு தடவை அந்நியன் வாசலுக்கு வருகிறான்.

"சும்மா இருன்னு கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போச்சு மாமா" என்றான்.

"நீ கத்தினா, நீயும் சேர்ந்து குரைக்கிறேன்னு அது நெனைக்கும் மாப்ள" என்றேன்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் எதற்குக் குரைக்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். நேரம், இடம், வந்த சத்தம் மூன்றையும் எழுதினால் காரணம் தானாகத் தெரியும். வாசலுக்கும் பால்கனிக்கும் குரைக்கிறது என்றால் பார்வையை மறையுங்கள். ஒரு தடுக்கு, ஒரு திரை போதும். படுக்கையை வாசலில் இருந்து உள்ளே மாற்றுங்கள்.

அடுத்தது கீதாரி வழி. குரைத்ததும் போய்ப் பாருங்கள், "போதும்" என்று ஒரே சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள், நிறுத்தின அந்த நொடியில் ஒரு தீனித் துண்டு கொடுங்கள். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகுதான் தீனி. குரைக்கும்போது கொடுத்தால் குரைப்புக்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, வேலை கொடுங்கள். விடிகாலையும் சாயங்காலமும் நடக்க விடுங்கள். இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள், மோந்து பார்க்க விடுங்கள். நாய்க்கு அதுதான் பேப்பர் படிக்கிற மாதிரி. தீனியைத் தட்டில் வைக்காமல் வீட்டில் அங்கங்கே ஒளித்து வைத்துத் தேட விடுங்கள். நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்ட நாய் வெறி பிடித்த மாதிரிக் குரைக்கும். அதை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

தனியாக விட்டால் மட்டும் குரைக்கிறது என்றால் அது காவல் இல்லை, பயம். ஒரு நிமிசம் வெளியே போய் வாருங்கள், அப்புறம் ஐந்து, அப்புறம் பத்து. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். இதற்கு அடிப்பது பாவம், பலனும் இல்லை. கழுத்தில் மாட்டி ஷாக் கொடுக்கிற பட்டையும் வேண்டாம். பயந்த நாய் கடிக்கிற நாயாகும். திடீரென்று ஒரு நாள் குணம் மாறிக் குரைத்தால் வலி இருக்கலாம், காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் உண்டு. அதை "போதும்" என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்காது, கை ஜாடைதான் பழக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதக் காரணம், எங்க ஊர் விலக்கில் நாலுவழிச் சாலை ஓரம் அடிக்கடி நடக்கிற ஒரு காரியம். கார் நிற்கும், கதவு திறக்கும், கழுத்தில் பட்டையோடு ஒரு நாய் இறங்கும், கார் போய்விடும். அந்த நாய் ரெண்டு மூணு நாள் அந்த இடத்தை விட்டு நகராது. வருகிற காரையெல்லாம் பார்த்து ஓடும். அடிபட்டுச் சாவது பாதி. மிச்சம் தெருநாயோடு சேர்ந்து, பசிக்குக் கிடை ஆட்டைக் கடிக்க ஆரம்பிக்கும். பிறகு ஊர்க்காரர்கள் அதை விட மாட்டார்கள். கடைசியில் ஆட்டுக்காரனுக்கும் நட்டம், நாய்க்கும் சாவு. பசியிலும் தாகத்திலும் வாடட்டும் என்று ஒரு பிராணியை விட்டுவிட்டுப் போவது 1960ஆம் வருசத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம்.

அதனால் நாட்டு நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் வாங்குவதற்கு முன்னாலேயே யோசியுங்கள். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கென்றே பொறுக்கி வளர்த்த சாதி. அது குரைக்கும். மாடி வீட்டில், நாள் முழுக்க ஆளில்லாத வீட்டில் அதற்கு இடமில்லை. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், குரைக்கும்போது எழுந்து போய் என்னவென்று கேளுங்கள். சமாளிக்கவே முடியவில்லை என்றால் தோட்டம் துரவு உள்ள தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்துக் கொடுங்கள். காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை அழிக்கிற ஊர்களில் குரைக்கிற நாய்க்கு இன்னும் கிராக்கி இருக்கிறது.