முதல்ல ஓடினது யாரு? - ஒரு நூறு மைல் பாதையின் கதை

நூறு மைல்னா நம்ம கணக்குல 161 கிலோமீட்டர். நம்மள மாதிரி பொட்டி தட்டற ஆளுங்களுக்கு பைக்ல போனாலே இடுப்பு கழண்டுடும். அதை மலைப்பாதையில, கொளுத்தற வெயில்ல, ஒரே நாள்ல ஓடிக் கடந்த ஒருத்தரோட கதை இது. கூடவே, வரலாறு யாரை ஞாபகம் வெச்சுக்குதுங்கற கதையும்.

கலிபோர்னியாவுல தாஹோ ஏரிக்குப் பக்கத்துல ஆரம்பிச்சு ஆபர்ன் ஊர்ல முடியுது இந்தப் பாதை. 1955ல வெண்டல் ரோபிங்கறவர், "இந்தக் காலத்துக் குதிரையும் ஒரே நாள்ல நூறு மைல் போகும்"னு நிரூபிக்க அதுல கிளம்பினார். அதுவே 'டெவிஸ் கப்'னு வருஷா வருஷம் நடக்கற குதிரைச் சவாரியா ஆச்சு. 24 மணி நேரத்துக்குள்ள முடிச்சா வெள்ளி பெல்ட் பக்கிள் பரிசு.

கோர்டி ஐன்ஸ்லி அதுல குதிரையோட போயிட்டிருந்த ஆளு. 1973ல அவர் குதிரை நடுவழியில நொண்ட ஆரம்பிச்சதால விலக வேண்டியதாப் போச்சு. அடுத்த வருஷம் குதிரையே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டார். 1974 ஆகஸ்ட்ல, குதிரைகளோட சேர்ந்து தன் ரெண்டு காலை நம்பிக் கிளம்பினார். அப்போ வயசு 27. பள்ளத்தாக்குகள்ல அன்னிக்கு 107 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 42 செல்சியஸ். நம்ம வேலூர் கத்திரி வெயில்ல மலை ஏறி இறங்கற மாதிரின்னு வெச்சுக்கோங்க. 23 மணி 42 நிமிஷத்துல ஆபர்ன் வந்து சேர்ந்துட்டார்!

இதுக்கு அப்புறம் நடந்தது தான் வரலாறு. 1977ல முதல் அதிகாரபூர்வ ஓட்டம். அதை முடிச்சது மூணே பேர். அதுல ஒருத்தர் ரால்ஃப் பாஃபன்பார்கர். உடற்பயிற்சி செய்யறவங்களுக்கு மாரடைப்பு குறைவுன்னு ஆராய்ச்சி பண்ணிக் காட்டின அதே டாக்டர் தான். ஐம்பதைத் தாண்டின வயசுல, 28 மணி 36 நிமிஷத்துல முடிச்சார். சொன்னதைச் செஞ்சு காட்டறதுன்னா இது தானே? :-)

1978ல ஓட்டத்தை ஜூன் மாசத்துக்கு மாத்தினாங்க. அதனால வெயில் ஒண்ணும் குறைஞ்சிடல. மேல சிகரத்துல சில வருஷம் பனி கிடக்கும், மதியம் பள்ளத்தாக்குல இறங்கினா அடுப்பு. உடம்பு சூட்டைக் குறைக்க நமக்கு இருக்கற பெரிய ஆயுதம் வியர்வை. அது ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துட்டுப் போகும். ஆனா போன தண்ணியையும் உப்பையும் ஈடு கட்டணும். அதே சமயம் பயந்துபோய் தண்ணியை அளவில்லாம குடிச்சா ரத்தத்துல சோடியம் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால தான் பல வருஷம் வழி நெடுக எடை பார்த்தாங்க. எடை ரொம்பக் குறைஞ்சாலும் சந்தேகம், ஏறினாலும் சந்தேகம். இப்போ ஓடறவங்க தொப்பிக்குள்ள ஐஸ் கட்டி போட்டுக்கிட்டு ஓடறாங்க.

சரி, தலைப்புக்கு வர்றேன். முதல் ஆள் கோர்டின்னு தான் பல இடத்துலயும் எழுதறாங்க. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடியே, 1972ல, கான்சாஸ் மாநிலம் ஃபோர்ட் ரைலி முகாம்ல இருந்து வந்த 20 ராணுவ வீரர்கள் இதே பாதையில கால்நடையா கிளம்பினாங்க. ஏழு பேர் ரெண்டு நாளுக்குள்ள முடிச்சாங்க. அவங்க பேரு நம்ம யாருக்காவது தெரியுமா? இன்னும் பின்னாடி போனா, தங்கமும் வெள்ளியும் தேடி வந்த சுரங்கக்காரங்க நடந்த தடம் இது. அவங்களுக்கும் முன்னாடி வாஷோ பழங்குடி மக்கள் வாழ்ந்து நடமாடின மலை. அவங்க கையில கடிகாரம் இல்ல, கடைசியில பக்கிள் குடுக்க ஆளும் இல்ல. அவ்ளோ தான் வித்தியாசம்.

கோர்டியோட சாதனையை இது ஒரு துளி கூட குறைக்காது. குதிரைக்கு வெச்ச 24 மணி நேரக் கெடுவை மனுஷனாலயும் முடியும்னு காட்டினது அவர் தான். 2019ல ஜிம் வாம்ஸ்லி 14 மணி 9 நிமிஷத்துல ஓடினதுக்கும் விதை அங்க தான் விழுந்தது. ஆனா அடுத்த முறை எங்கயாவது "முதன்முதலில்"னு படிச்சா, எதுல முதல், யார் கணக்குல முதல்னு ஒரு நிமிஷம் யோசிங்க மக்களே. பாதைன்னு ஒண்ணு இருந்தாலே, யாரோ முன்னாடி நடந்திருக்காங்கன்னு தானே அர்த்தம்?