அஃபிலியேட்

மகன் எனப் பொருள்படும் 'ஃபிலியஸ்' என்ற லத்தீன் பதத்தினின்று கிளைத்து, பிறர் பிள்ளையைத் தத்தெடுப்பதைக் குறித்த 'அஃபிலியாரே' என்னும் வினையின் வழியே வந்த இச்சொல், இன்று இணைய வாணிபத்தில் பிறர் சரக்கை விற்றுக்கொடுத்துப் பங்கு பெறுபவரைச் சுட்டுகிறது.

1994-இல் அமெரிக்காவின் 'சிடிநவ்' என்னும் இசைத்தட்டு அங்காடி தொடங்கிய 'பைவெப்' திட்டத்தில், ஓர் ஆல்பத்தைச் சிலாகித்து எழுதியவர் அதன் கீழே இணைப்பொன்றை வைப்பார். வாசகர் அதைச் சொடுக்கிச் சென்று தட்டை வாங்கினால், கிரயத்தில் ஒரு பாகம் எழுதியவரைச் சேரும். அனுப்பியவர் இன்னார் என்பதை அவ்விணைப்பில் பொதிந்த குறியீடே கடைக்கு அறிவித்துவிடும்.

சரக்கு கடையினுடையது, அனுப்பும் பொறுப்பும் அதனுடையது; சொத்துரிமை பெறும் தத்துப்பிள்ளையின் ஸ்தானம் இவருக்கு இல்லையாதலால், 'தரகர்' என்னும் நம் பழஞ்சொல்லே இவருக்கு முற்றும் பொருந்தும் என்பது என் துணிபு.