“கக்கின பிள்ளை தக்கும்”: பழவேற்காட்டுக் குப்பங்களை முன்வைத்துப் பால் கக்குதலின் மருத்துவ வரலாறு

கைக்குழந்தை குடித்த தாய்ப்பாலைக் கக்குவது நோயா, வளர்ச்சியின் இயல்பா என்னும் வினாவுக்குத் தமிழ் மருத்துவ நூல் மரபும் வாய்மொழி மரபும் ஒரே விடையைத் தரவில்லை. ஒன்று மருந்து கொடுக்கச் சொன்னது. மற்றொன்று பொறுத்திருக்கச் சொன்னது. இவ்விரண்டிற்கும் இடையில் மருந்து வணிகம் எவ்வாறு இடம்பிடித்தது என்பதைப் பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் குப்பங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆவணங்களும் அஞ்சறைப்பெட்டியும்

பழவேற்காடு ஆவணம் குறைந்த ஊரன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியது. 1825-இல் ஊர் இறுதியாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இடைப்பட்ட காலத்தின் துணி வணிகமும் அடிமை வணிகமும் கம்பெனி ஏடுகளில் பதிவாகியுள்ளன. டச்சுக் கல்லறைகளைப் பற்றி அலெக்சாண்டர் ரீயின் நூல் 1897-இல் வெளிவந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் ஏரியில் வலையிடும் இடத்தையும் முறையையும் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறை குறித்தும் ஆய்வுகள் உள்ளன. ஆயினும் இவை பேசுவன கோட்டையும் சரக்கும் வலையுமே. இரவில் அழும் பிள்ளையைக் குப்பத்துத் தாய் எவ்வாறு தேற்றினாள் என்று அறிய விரும்புவோர் சொல்வழக்கையும் அஞ்சறைப்பெட்டியையும்தான் சான்றாகக் கொள்ள வேண்டும். அச்சான்றுகள் இக்கரைக்கு மட்டும் உரியன அல்ல. தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவானவை.

கக்குதலும் மாந்தமும்

‘பாலவாகடம்’ முதலான சித்த மருத்துவக் குழந்தை நூல்கள் செரிமானக் கோளாறுகளை மாந்தம் என்னும் பெருந்தலைப்பின்கீழ்ப் பால் மாந்தம், செரியா மாந்தம், போர் மாந்தம் எனப் பலவாக வகுக்கின்றன. வகுக்கப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு மருந்தை வேண்டி நிற்கிறது. பேச்சு வழக்கோ வேறு வகையில் பிரிக்கிறது. வயிறு உப்பிக் குழந்தை துவண்டால் அது மாந்தம். குடித்த பால் கடைவாயில் வழிந்தால் அது வெறும் கக்கல். பின்னதற்கு வழக்காறு மருந்தைச் சொல்லவில்லை. “கக்கின பிள்ளை தக்கும்” என்றொரு பழமொழியை மட்டும் சொன்னது.

இப்பழமொழியில் எதுகையைக் காட்டிலும் ‘தக்கும்’ என்னும் வினையே கவனத்திற்குரியது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில் “பிள்ளை தக்கவில்லை” என்பார்கள். ஆகவே ‘தக்கும்’ என்பது நன்றாக வளரும் என்பதோடு நில்லாது, உயிரோடு நிலைக்கும் என்னும் பொருளையும் தாங்குகிறது. சிசு மரணம் அன்றாடமாக இருந்த காலத்தில், எல்லா அறிகுறியும் ஒன்றல்ல, இதற்கு அஞ்ச வேண்டாம் என்று மூத்த பெண்கள் இளந்தாய்க்குச் சொன்ன மதிப்பீடு இது. அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வொன்று, 4 மாதக் குழந்தைகளில் சுமார் 67 விழுக்காட்டினர் நாளுக்கு ஒருமுறையேனும் கக்குவதாகவும், 10 முதல் 12 மாதங்களுக்குள் இது 5 விழுக்காடாகக் குறைவதாகவும் கண்டது. உணவுக்குழலின் கீழ்முனைத் தசை முதிராமையே முதன்மைக் காரணம். பழமொழிக்குத் தசையின் பெயர் தெரியாது, போக்குத் தெரிந்திருந்தது.

நள்ளிரவு மருந்து

எனினும் மரபு என்பது முழுவதும் பொறுமையாக இருந்ததில்லை. வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றைத் தாய்ப்பாலில் இழைத்துச் சங்கில் புகட்டும் உரைமருந்து வீடுதோறும் இருந்தது. வசம்பைச் சுட்டுக் கரியாக்கி எண்ணெயில் குழைத்து வயிற்றில் பூசினர். வளையமாகக் கோத்து மணிக்கட்டில் கட்டினர். சென்னை மாகாணப் படை மருத்துவராக இருந்த வைட்லா எய்ன்ஸ்லி, 1826-இல் வெளியான தம் ‘மெட்டீரியா இண்டிகா’ நூலில் வியப்பூட்டும் செய்தியொன்றைத் தருகிறார். குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கு வசம்பு அத்துணை இன்றியமையாததாகக் கருதப்பட்டதால், நள்ளிரவில் கேட்டாலும் கதவைத் திறந்து விற்காத மருந்துக்கடைக்காரருக்குத் தண்டம் உண்டாம். அது சட்டமா ஊர்க்கட்டுப்பாடா என்பது வேறு வினா. இரவில் பெயரைச் சொல்லலாகாது என்பதால் வசம்புக்குப் ‘பேர் சொல்லா மருந்து’ என்றும் பெயருண்டு. பெயர் சொல்லாமல் கேட்கவும் வேண்டும், கேட்டவுடன் கடைக்காரர் கொடுக்கவும் வேண்டும் என்றால், நள்ளிரவில் பிள்ளைக்காகக் கடைக்கதவைத் தட்டுவது எவ்வளவு வழக்கமான செயலாக இருந்திருக்க வேண்டும்!

அந்தக் கதவைத்தான் பின்னர் புட்டி மருந்து திறந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் 1851-இல் உருவாக்கிய கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, நீர் ஆகியவற்றோடு 3.6 விழுக்காடு ஆல்கஹாலும் இருந்தது. சென்னையில் 1928-இல் தொடங்கப்பட்ட டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிறுவனம் அதன் விற்பனையை நம் நாட்டில் பரப்பியது. தாய், பாட்டி, பூட்டி எனத் தலைமுறை தலைமுறையாக இதையே கொடுத்தோம் என்று சொல்லும் அதன் தொலைக்காட்சி விளம்பரம் வரலாற்று மாணவருக்கு ஒரு பாடம். பழமொழி எந்த வாயிலிருந்து வந்ததோ அதே பாட்டியின் வாயை விளம்பரம் கடன் வாங்கியது. ‘பொறு’ என்றதை ‘கொடு’ என்று மாற்றியது. இன்றைய மருத்துவம் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது. நலமாக எடை கூடும் குழந்தையின் கக்கலுக்கு மருந்து தேவையில்லை என்கிறது. பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடச் செய்வது, சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்டுவது, மல்லாத்தித் தூங்கவைப்பது ஆகியவையே அதன் அறிவுரை.

இவ்விடத்தில் மரபைப் போற்றுவோரோடு நான் முழுதும் உடன்படவில்லை. வசம்பிலுள்ள பீட்டா அசரோன் விலங்குச் சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கியதால், அமெரிக்கா 1968-இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. கைக்குழந்தைக்கு அதை இழைத்துப் புகட்டுவதை மரபென்னும் ஒரே காரணத்தால் காக்க இயலாது. அடிக்கடி ஊட்டுதல் என்னும் அறிவுரையும் எளிதன்று. மீன் விற்கக் கூடையோடு செல்லும் பெண்ணுக்கு இரு பாலூட்டலுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சந்தையே முடிவு செய்கிறது. நெடுநேரம் கட்டிய பாலைப் பசித்த பிள்ளை விரைந்து குடிக்கும்போது கக்கல் மிகுவது இயல்பு. அதைத் தாயின் பத்தியக் குறையாகப் பார்ப்பது அவள் உழைப்பை மறைப்பதாகும்.

பழமொழிக்கும் எல்லையுண்டு. பச்சை நிறத்தில் வாந்தி, இரத்தம் கலந்த வாந்தி, ஒவ்வொரு முறையும் பீறிட்டு அடிக்கும் வாந்தி, எடை கூடாமை ஆகியவை கக்கல் அல்ல. உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி அரசு மருத்துவமனைக்குச் சாலை இருக்கிறது. ஏரி நடுவேயுள்ள தீவு ஊர்களில், அன்று வசம்புக்காகத் தட்டிய கதவின் இடத்தில், இன்று எந்நேரமும் கிடைக்கும் படகு இருக்க வேண்டும்.