களஞ்சியமும் குத்தகைச் சீட்டும்

செஞ்சிக்கு வர்றவங்க பெரும்பாலும் ராஜகிரி மேல ஏறி, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுறீங்க. அடுத்த தடவை கீழே இருக்கிற நெற்களஞ்சியத்துக்கிட்டயும் கொஞ்சம் நில்லுங்க. 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. யார் பிடித்தாலும் நெல் அளந்தது குடியானவன்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னார்க்காட்டுக்கு ரயத்துவாரி முறை வந்தது. பட்டாதாரர் நேராக சர்க்காருக்கே வரி கட்டினார். பட்டாவில் பேர் இருந்தவருக்கு நிலம் உறுதியானது. அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுதவருக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

எங்க தாத்தா அப்படி உழுதவர். ரெண்டு காணி. ஒரு போகம் நெல்லு, ஒரு போகம் மல்லாட்டை. எல்லாம் வாய்ப்பேச்சுதான். 1955-இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகையை ஒழுங்காகக் கட்டுகிறவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றது. 1969-இல் குத்தகை உரிமையைத் தாலுகா அளவில் பதிவு செய்ய இன்னொரு சட்டம். தாத்தா பதியல. "பேரை எழுதி வச்சா நிலத்துக்காரர் மனசு கோணும். நாளைக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு அவர்கிட்டதான போய் நிக்கணும்"னாராம்.

நிலத்துக்காரர் காலமானதும் பிள்ளைங்க வித்துட்டாங்க. இருபது வருஷம் உழுததுக்குக் காட்ட தாத்தாகிட்ட ஒரு ரசீதுகூட இல்ல.

மேற்கு வங்கத்திலும் வாரதாரருக்குச் சட்டம் முன்பே இருந்தது. அங்கேயும் பயந்துகொண்டு பலர் பதியவில்லை. 1978-இல் 'ஆபரேஷன் பர்கா' என்று அதிகாரிகளே ஊருக்கு வந்தார்கள். வேலை முடிந்த சாயங்காலத்தில் கூட்டம் போட்டு, எல்லார் முன்னாலும் கேட்டு எழுதினார்கள். தனியாகச் சொல்லப் பயந்தவர்கள் கூட்டமாக நின்று சொன்னார்கள். சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். அங்கே சட்டம் களத்துமேட்டுக்கு வந்தது. இங்கே தாத்தாதான் தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கணும்.

இப்பவும் பி.எம். கிசான் 6,000 ரூபாய் நிலப் பதிவேட்டில் பேர் இருக்கிறவருக்குத்தான். குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை.

நானும் சொந்தமா ஒரு காணி, குத்தகைக்கு ஒரு காணி பயிர் வைக்கிறேன். குத்தகைக்கு எழுத்து ஏதும் இல்ல. கேட்கணும்னு ரெண்டு தடவை நிலத்துக்காரர் வீடு வரைக்கும் போனேன். காபி குடிச்சிட்டுத் திரும்பிட்டேன். தாத்தாவை நான் எப்படிக் குறை சொல்றது?